பேச்சுக்குத் தரம் வகுக்காத நாடு

நார்வேக்காரர் ஒருவர் தம் மொழியைப் பற்றியோ, சதுரங்கத்தைப் பற்றியோ, எல்லை தாண்டிப் போய் வாங்கிவரும் மலிவான இறைச்சியைப் பற்றியோ போகிற போக்கில் சொல்லும் சொல்லுக்குள், அந்நாட்டில் இருநூறு ஆண்டுகளாகத் தீராத ஒரு வழக்கு பெரும்பாலும் ஒளிந்திருக்கும். எது சரி, எது உயர்ந்தது என்று வகுக்கும் உரிமை தலைநகருக்கு மட்டும் உரியதா, ஃபியோர்டு எனப்படும் நீண்ட கடற்கழிகளின் ஓரத்துச் சிற்றூர்களுக்கும் உண்டா என்பதே அவ்வழக்கு. வடக்கே லோஃபோட்டன் தீவுப் பகுதியில் பிறந்த அரசியல் அறிஞர் ஸ்டைன் ரொக்கான் (1921–1979) இதை நடுவத்துக்கும் விளிம்புக்கும் இடையிலான பிளவு என்று விளக்கினார். நாட்டுப்புற மொழி, மதுவிலக்கு, பாமர மக்கள் முன்னின்று நடத்திய சமய எழுச்சி ஆகிய மூன்றும் தெற்கிலும் மேற்கிலும் ஒன்றுசேர்ந்து தலைநகரை எதிர்த்த விதத்தை அவர் ஆராய்ந்தார்.

இவற்றுள் மொழியின் கதையே மிகச் செறிவானது. பல நூற்றாண்டுகள் டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நார்வே 1814ஆம் ஆண்டு மே 17 அன்று தனக்கென ஓர் அரசியலமைப்பை இயற்றிக்கொண்டபோது, அங்கு எழுதப்பட்ட மொழி டேனிஷ் மொழியாகவே இருந்தது. ஊரார் பேசியதோ அதனின்று வெகுதூரம் விலகிய பற்பல வட்டார வழக்குகள். இந்த இடைவெளியை அடைக்க இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. க்னூட் க்னூட்சன் என்னும் பள்ளி ஆசிரியர், டேனிஷ் எழுத்தை நகரத்துப் படித்தோரின் உச்சரிப்புக்கு ஏற்பப் படிப்படியாகத் திருத்தினால் போதும் என்றார். அவ்வழியில் வளர்ந்ததே இன்று பூக்மோல், அதாவது ‘நூல் மொழி’ எனப்படுவது. மேற்குக் கரையோர உழவர் குடியில் பிறந்து, பெரும்பாலும் தாமாகவே கற்றுத் தேர்ந்த ஈவார் ஓசனோ 1842 முதல் நான்காண்டுகள் நாடெங்கும் சுற்றி வட்டார வழக்குகளைத் திரட்டி, 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் வெளியிட்டு, அவற்றின் அடிப்படையில் முற்றிலும் வேறொரு எழுத்து மொழியை அமைத்தார். அதுவே பின்னர் நீநொர்ஷ்க், அதாவது ‘புதிய நார்வே மொழி’ என்று பெயர் பெற்றது. பெயரில் புதுமை இருந்தாலும் அதன் வேர்கள் டேனிஷ் ஆட்சிக்கு முந்தியவை என்பதே ஓசனின் வாதம்.

1885ஆம் ஆண்டில் ஸ்டூர்டிங் என்னும் நாடாளுமன்றம் இரண்டுக்கும் சம உரிமை அளித்தது. பின்னர் வந்த ஆட்சியாளர்கள் இரண்டையும் மெல்ல மெல்ல நெருக்கி ஒன்றாக்கிவிட விரும்பினார்கள். சாம்நொர்ஷ்க், அதாவது ‘பொது நார்வே மொழி’ என்ற அந்தக் கனவு நல்லெண்ணத்தில் பிறந்தது, ஆனால் மனிதர் வாயை அளந்து பார்க்காமல் பிறந்தது. 1938இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம், புத்தகத்தைக் குறிக்கும் சொல்லின் ஈற்றில் ‘பூக்கன்’ என்ற மேட்டிமை வடிவத்தை விலக்கி, ‘பூக்கா’ என்ற ஊர்வழக்கு வடிவத்தைப் பாடநூலில் ஏற்றியதுபோல் பல சொற்களிலும் செய்தது. ஓர் ஈற்றெழுத்துக்காக இவ்வளவா என்று வெளியார் வியக்கலாம். 1950களின் தொடக்கத்தில் ஆஸ்லோவின் பெற்றோர்கள் பேனாவை எடுத்துப் பிள்ளைகளின் பாடநூல்களில் அந்த ஈறுகளைத் தம் கையாலேயே திருத்தினார்கள். அந்தக் கொள்கை தளர்ந்து தளர்ந்து 2002இல் முறைப்படி கைவிடப்பட்டது. இன்றும் ஒருவர் ‘பூக்கன்’ என்கிறாரா ‘பூக்கா’ என்கிறாரா என்பதைக் கொண்டு அவர் வளர்ந்த தெருவையும், சில வேளைகளில் அவரது வாக்குச்சீட்டையும் ஊகிக்க முயல்வோர் உண்டு.

எண்களும் தப்பவில்லை. முன்பு 22 என்பதை ‘இரண்டும் இருபதும்’ என்று ஒன்றின் இலக்கத்தை முன்வைத்தே சொல்லிவந்தார்கள். தொலைபேசி எண்களைச் சொல்லும்போது இதனால் பிழைகள் நேர்கின்றன என்று தொலைபேசித் துறை முறையிட, தமிழில் உள்ளதுபோல் பத்தை முன்னே சொல்லும் முறை நாடாளுமன்றத்தின் முடிவுப்படி 1951 ஜூலை முதல் நடப்புக்கு வந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பழைய முறை வழக்கொழியவில்லை. ஒரே ஆள் ஒரே உரையாடலில் இரண்டையும் கலந்து சொல்வதும் உண்டு. நாடாளுமன்றம் நாவுக்கு இட்ட ஆணை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று வேண்டியதில்லை.

எழுத்துக்கு இரண்டு தரங்கள் வகுத்த இந்நாடு பேச்சுக்கு ஒன்றுமே வகுக்கவில்லை என்பதுதான் உண்மையான வியப்பு. பிள்ளைகளுக்கு இயன்றவரை அவர்களது சொந்தப் பேச்சுமொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் 1878ஆம் ஆண்டிலேயே முடிவு செய்தது. ஆகவே மாணவரின் ஊர்ப்பேச்சைத் திருத்துவது ஆசிரியரின் வேலையாகக் கருதப்படுவதில்லை. தமிழிலும் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பிரிந்தே நிற்கின்றன. ஆயினும் மேடை ஏறியதும் தமிழர் எழுத்து வழக்கின் பக்கம் நகர்ந்துவிடுவார், கொங்குப் பேச்சும் நெல்லைப் பேச்சும் மேடைக்குக் கீழே நின்றுவிடும். நார்வேயின் அமைச்சரோ, பேராசிரியரோ, பாதிரியாரோ தாம் பிறந்த ஊரின் பேச்சோடுதான் மேடை ஏறுகிறார். அப்படிப் பேசுவது அவரது கல்விக்குக் குறையாக எண்ணப்படுவதில்லை. 2023இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற யூன் ஃபொஸ்ஸே, மாணவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே பயிலும் நீநொர்ஷ்க்கில் எழுதுபவர். சிறுபான்மை எழுத்து என்பதற்காக அவர் பெரும்பான்மை எழுத்துக்கு மாறவில்லை.

இவ்வளவு சமத்துவம் பேசும் நாட்டில் ஏளனத்துக்கு இடமில்லை என்று எண்ணினால் அது தவறு. ‘ஹாரி’ என்ற ஆங்கில ஆண்பெயர் அங்கே ‘ரசனையற்ற, மட்டமான’ என்று பொருள்படும் அடைமொழியாகிவிட்டது. சுவீடனுக்குக் காரோட்டிப் போய்ப் பன்றி இறைச்சியும் புகையிலையும் வாங்கிவரும் பயணத்துக்கு ‘ஹாரிப் பயணம்’ என்றே பெயர். 2002இல் வேளாண் அமைச்சர் ஒருவரே அப்பயணத்தை ஹாரி என்று இகழ்ந்ததும், பகடி அரசியலானது. உள்நாட்டு உழவரைக் காக்கும் சுங்கவரிதான் விலையை உயர்த்துகிறது. அந்த வரியை ஆதரிப்பவரும் விடுமுறை நாளில் எல்லைக் கடையில் வரிசையில் நிற்கக்கூடும். நடுவத்துக்கும் விளிம்புக்கும் இடையிலான அதே பிளவு வாக்கெடுப்பிலும் தெரிந்தது. 1972இல் ஐரோப்பியச் சமூகத்திலும் 1994இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்வது பற்றி நடந்த பொதுவாக்கெடுப்புகளில் வேண்டாம் என்றோர் முறையே 53.5, 52.2 விழுக்காட்டினர். 1994இல் ஆஸ்லோவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சேரலாம் என்றபோது, வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கூடாது என்றார்கள். சுவீடனோடு 1905 வரை பிணைக்கப்பட்டிருந்த நாட்டில் ‘ஒன்றியம்’ என்ற சொல்லே கசந்தது என்பதும் ஒரு காரணம்.

விளையாட்டுக்கு வந்தால் ‘ஸ்பில்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தமிழில் சதுரங்க ஆட்டம், சீட்டாட்டம், சூதாட்டம் மூன்றையும் ‘ஆட்டம்’ தாங்குவதுபோல், அங்கே சதுரங்கம், கணினி விளையாட்டு, பணப்பந்தயம் அனைத்தையும் ‘ஸ்பில்’ தாங்குகிறது. பிள்ளைகளின் விதியற்ற விளையாட்டுக்கு மட்டும் ‘லேக்’ என்ற வேறு சொல். 2013 நவம்பரில் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்தை 6½–3½ என்ற கணக்கில் வென்று மாக்னஸ் கார்ல்சன் உலக வாகையர் ஆனபோது, பனிச்சறுக்குக்கே பழகியிருந்த நாடு தொலைக்காட்சியின் முன் அமர்ந்து காய் நகர்வதைப் பார்த்தது. ஆறாண்டுகள் கழித்து ஸ்பில்லின் இரு பொருள்களும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. வெளிநாட்டுப் பந்தய நிறுவனம் ஒன்று நார்வே சதுரங்கக் கூட்டமைப்புக்கு ஐந்தாண்டுகளில் 5 கோடி குரோனர் தர முன்வந்தது. பந்தயத்தில் அரசுக்குள்ள தனியுரிமையை மாற்றும் கோரிக்கைக்குக் கூட்டமைப்பு துணை நிற்க வேண்டும் என்பது அதன் மறுபக்கம். அத்தனியுரிமையின் இலாபத்திலிருந்தே ஊர்தோறும் விளையாட்டுச் சங்கங்கள் உதவி பெறுகின்றன. ஒப்பந்தத்தை ஆதரித்த கார்ல்சன், ‘பலி கொடுக்கும் ஆட்டம்’ என்று பொருள்படும் பெயரில் புதிய சங்கமே தொடங்கி, முதல் ஆயிரம் உறுப்பினரின் கட்டணத்தைத் தாமே ஏற்றார். ஆயினும் 2019 ஜூலையில் கூடிய பேராளர்கள் ஒப்பந்தத்தைத் தெளிவான பெரும்பான்மையால் தள்ளினார்கள். தன்னை உயர்ந்தவனாக எண்ணாதே என்று அடக்கும் ஊர்மனத்துக்கு அக்செல் சாண்டமோசே 1933இல் தம் நாவலில் ‘யான்டே சட்டம்’ என்று பெயரிட்டார். நார்வேயில் எதற்கெடுத்தாலும் அதையே காரணம் காட்டுவது சலிப்பூட்டும் பழக்கம். இங்கே தோற்றவர் உலக வாகையர் என்பதைவிட, வென்றது ஊர்ச் சங்கங்களின் வாக்கு என்பதே பொருத்தமான வாசிப்பு.

ஒன்றியத்தில் சேரக் கூடாது என்ற அதே ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளுக்கு 1980களின் பிற்பகுதியில் ஈழத்தமிழர் வேலைக்கு வந்துசேர்ந்தார்கள். மொழி வகுப்பில் அவர்களுக்குக் கிடைத்தது பூக்மோல். ‘நான்’ என்பதற்கு ‘யாய்’ என்றும் ‘என்ன’ என்பதற்கு ‘வா’ என்றும் அங்கே கற்றவர், மறுநாள் வெட்டுமேசையின் முன் நின்றபோது, பக்கத்தில் நிற்பவர் ‘ஆ’ என்றும் ‘கா’ என்றும் பேசக் கேட்டார். புதிதாக வந்தவருக்காக அந்த மனிதர் தம் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்ற வேண்டும் என்று அவரிடம் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை.