ரிப்பீட்டர் கற்பித்த பாடம்

எம்மூராகிய இராசிபுரத்திற்குக் கிழக்கே போதமலையும் கொல்லிமலையும், வடக்கே சேலத்திற்கு அப்பால் சேர்வராயன் மலையும் நிற்கின்றன. கண்ணுக்கினிய இம்மலைகள் வானொலி அன்பர்க்கோ பெருந்தடை. அமெச்சூர்கள் பேசும் 144 முதல் 146 மெகாஹெர்ட்சு வரையுள்ள அலைகள் பெரும்பாலும் நேராகவே செல்வன. ஆதலின் மலைக்கு அப்பாலுள்ளார்க்கு நம் குரல் எட்டுவதரிது. உயர்ந்த இடத்திலிருந்து, கேட்டதை அக்கணமே வேறோர் அலையில் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர் நிலையமே இதற்கு மருந்து.

எனக்குப் பல்லாண்டு முன்னரே உரிமம் பெற்ற என் மாமா, காரில் வைத்துப் பேசும் கருவிகள் இரண்டை இரவலாகத் தந்தார். ஒன்று கேட்கவும் மற்றொன்று பேசவுமாக அவற்றை இணைத்தேன். அரசின் தனி இசைவின்றி ரிப்பீட்டரை வானில் இயக்கலாகாது. எனவே ஏரியலுக்கு மாறாக, ஆற்றலை வெப்பமாக்கி விழுங்கும் தடையொன்றைப் பொருத்தி, வீட்டுத் திண்ணையிலேயே சோதித்தேன்.

“குறைந்த வாட்டில் வை” என்று மாமா சொல்லியிருந்தார். யானோ செருக்கினால் 50 வாட்டும் வரத் திருகி, ஓயாது பேசவிட்டேன். அலையாக வெளிப்பட்டதினும் மிகுதியான ஆற்றல் உள்ளே வெப்பமாய்த் தங்கியது. சிறிது நேரத்தில் கருகல் நாற்றம் எழுந்தது. பின்னர்ப் பேசுங்கருவி வாய் திறக்கவேயில்லை.

இரண்டு நாள் மாமாவின் கண்ணிற் படாது ஒளிந்தேன். மூன்றாம் நாள் கருவியுடன் சென்று உண்மையை உரைத்தேன். அவர் சினக்கவில்லை.

“கண்ணு, தன் பேச்சைப் பேசுகிறவன் இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்குவான். இந்தக் கருவி அவனுக்காகச் செய்தது. ஊரார் பேச்சையெல்லாம் சுமக்கிறவனுக்கு ஓய்வேது? அவன் மெல்லப் பேசினால்தான் நெடுநாள் பேசுவான்.”

எஞ்சிய கருவியை 10 வாட்டில் வைத்து, விசிறியொன்றும் பொருத்தினார். ஒரு மணி நேரம் இடையறாது இயங்கியும் அது வெதுவெதுப்பாகவே இருந்தது. 50 வாட்டைப் பத்தாக்கினால் 7 டெசிபெல்தான் குறையும் என்றும், அவ்விழப்பை ஏரியலின் உயரம் ஈடுசெய்யும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார். 1924-ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டியார் முதலிய ஆர்வலர்கள் சென்னையில் ஒலிபரப்பைத் தொடங்கியதும் 40 வாட் கருவி கொண்டே என்றார். யான் நாணினேன்.

கருகிய அக்கருவி இன்றும் என் மேசைமேல் உள்ளது. பிறர்க்காகப் பேச முற்படுந்தோறும் அதனை ஒருமுறை நோக்கி, என் குரலைத் தணித்துக்கொள்கிறேன்.