உலகிற்கு ஒரு தலைவன் வேண்டுமா?

குடும்பத்திற்கு ஒரு தலைவன், கப்பலுக்கு ஒரு மீகாமன். உலகிற்கு மட்டும் ஒரு தலைமை நாடு வேண்டாமோ? உயர்தர வகுப்பிலே நாம் வரலாறு கற்பிக்குங்கால் மாணவர் அடிக்கடி எழுப்பும் வினா இது. பலர் நின்று பூசலிடுவதிலும் ஒருவன் அடக்கியாள்வது நன்று என்னும் எண்ணம் பெரியோரிடத்தும் உண்டாதலின், இதனை எளிதில் தள்ளிவிட எம்மால் இயலவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கடலாட்சி பிரித்தானியாவின் கையில் இருந்தது. 1807 ஆம் ஆண்டில் அடிமை வாணிகத்தைச் சட்டத்தால் விலக்கிய அந்நாடு, மேற்கு ஆபிரிக்கக் கரையோரத்திலே போர்க்கப்பல்களை நிறுத்தி, அடிமைகளை ஏற்றிச்சென்ற கலங்களை மறித்துப் பிடித்தது. வலிமை ஓரிடத்தில் திரண்டிருந்தமையாலன்றோ இந்நன்மை விளைந்தது? ஆயின், அபினி வாணிகத்தைத் தடுக்க முற்பட்ட சீனத்தின்மீது 1839 முதல் 1842 வரை போர் நடத்தியதும் அதே கடற்படைதான். முடிவில் ஹொங்கொங் தீவும் பிரித்தானியாவுக்கு உரியதாயிற்று. ஏன் என்று கேட்பார் எவருமிலர்.

அங்ஙனமாயின் வல்லரசுகள் இரண்டு இருப்பது நலமோ? 1956 ஆம் ஆண்டினை நோக்குவோம். சூயஸ் கால்வாயை எகிப்து தேசியமயமாக்கியபின், பிரித்தானியா, பிரான்ஸ், இஸ்ரேல் ஆகிய மூன்றும் அதன்மீது படையெடுத்தன. அமெரிக்காவின் பொருளாதார நெருக்குதலும் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தீர்மானமும் ஆண்டு முடியுமுன்னரே பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகளைத் திரும்பச் செய்தன. அதே நவம்பரிலே சோவியத் படைகள் ஹங்கேரி மக்களின் கிளர்ச்சியை நசுக்கின. அவற்றைத் திருப்பி அனுப்ப எவராலும் இயலவில்லை.

1991 இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அமெரிக்கா தனித்து நின்றது. 2003 இல் பாதுகாப்புச் சபையின் இசைவின்றியே அது தன் கூட்டாளிகளுடன் ஈராக்கினுட் புகுந்தது. காரணமாகக் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதங்களோ பின்னர் அகப்படவில்லை.

ஆதலின், வல்லரசு ஒன்றா இரண்டா என்று எண்ணுவதிற் பயனில்லை என்பதே எமது கருத்து. வலியவனிடம் கணக்குக் கேட்க ஓரிடம் உண்டா என்பதே கேள்வி. பாதுகாப்புச் சபையிலே ஐந்து நாடுகள் வீட்டோ அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும்வரை அவ்விடம் செம்மையாக அமையாது.

எம்போன்ற சிறுநாட்டார்க்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. இந்து சமுத்திரம் சமாதான வலயமாதல் வேண்டும் என்று இலங்கை முன்வைத்த யோசனையைப் பொதுச்சபை 1971 இல் ஏற்றுப் பிரகடனஞ் செய்தது. அதன் பின்னரும் தியேகோ கார்சியாவிலே அமெரிக்கத் தளம் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. எனினும் அப்பிரகடனம் வீண் என்று நாம் மாணவர்க்குச் சொல்வதில்லை. சிறியவர் கேட்பதை நிறுத்திவிட்டால், பெரியவர் விடைசொல்ல வேண்டிய தேவையும் அன்றே ஒழிந்துவிடும்.