மாசி மகமும் அகன்ற பார்வையும்

மாசித் திங்களில் மக நட்சத்திரம் கூடும் நன்னாள் மாசி மகம். பிரம்மஹத்தி தோஷத்தால் கட்டுண்டு கடலுள் கிடந்த வருணனைச் சிவபெருமான் விடுவித்தருளிய நாள் இதுவே என்று புராணம் கூறும். அந்நாளில் புதுவை வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் தீர்த்தவாரி நடைபெறுகிறது. மயிலம் முருகப்பெருமான், திண்டிவனம் சீனிவாசப் பெருமாள், தீவனூர் விநாயகர் என வெளியூர்த் தெய்வங்கள் எழுந்தருள, மணக்குள விநாயகர் முதலான உள்ளூர்த் தெய்வங்களும் உடன் எழுந்தருளுகின்றனர். சைவம், வைணவம் என்ற பேதமின்றி ஒரே மணற்பரப்பில் அத்தனை மூர்த்திகளும் சேவை சாதிக்கும் காட்சி காணக் கண் கோடி வேண்டும்.

கையில் கேமரா உள்ள அன்பர் எவருக்கும் அங்கே ஓர் ஆசை எழும். கடல், கரை, பல்லக்குகள், பக்தர் வெள்ளம் ஆகிய அனைத்தையும் ஒரே படத்தில் அடக்கிவிட வேண்டும் என்பதே அது. அந்த ஆசையே பலரை ‘வைட் ஆங்கிள்’ எனப்படும் அகன்ற கோண லென்ஸை நாடச் செய்கிறது.

வைத்திக்குப்பத்தை அடுத்து வாழும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கும் இவ்வாசை உண்டாயிற்று. அதற்குக் காரணம் அவருடைய இல்லத்தரசியார். ஆண்டுதோறும் தவறாமல் தீர்த்தவாரி சேவித்து வந்த அம்மையார், முழங்கால் தேய்வினால் மணலில் நடக்க இயலாதவரானார். தாம் கண்டதை வீட்டிலிருக்கும் அவருக்கும் காட்ட வேண்டும் என்று விரும்பிய பெரியவர், தம்மிடமிருந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவுக்கு ஏற்ற அகன்ற லென்ஸ் எதுவென்று பேரனைக் கேட்டார்.

“தாத்தா, உங்களிடம் இருப்பது 18 முதல் 55 மி.மீ. வரையுள்ள லென்ஸ். அது ஏறக்குறைய 75 டிகிரி கோணத்தைத்தான் பார்க்கும். 10 முதல் 18 மி.மீ. வரையுள்ளதை வாங்கினால் 107 டிகிரி கிடைக்கும். கேனன் நிறுவனத்தின் லென்ஸ் 240 கிராம்தான், உங்கள் கைக்குக் கனக்காது” என்றான் பேரன்.

அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மையார், “அதில் எடுத்தால் முருகன் முகம் தெரியுமா, தம்பி?” என்று வினவினார். பேரனால் உடனே விடை கூற இயலவில்லை.

லென்ஸைத் தேர்ந்தெடுக்க எண்ணுவோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அம்மையார் கேட்டதுதான். கணக்கு மிக எளியது. ஒரே இடத்தில் நின்று 18 மி.மீ. லென்ஸுக்கு மாற்றாக 10 மி.மீ. லென்ஸால் எடுத்தால், சுவாமியின் உயரம் படத்தில் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அவர் படத்தில் கொள்ளும் பரப்போ மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே போய்விடும். 18 அடி தொலைவில் நின்று எடுத்த அளவிலேயே அவர் தெரிய வேண்டுமானால், 10 அடிக்கு நெருங்க வேண்டும். எனவே அகன்ற லென்ஸ் என்பது விலகி நிற்போருக்கு உரியதன்று. நெருங்கிச் செல்லக்கூடியவருக்கே உரியது. மாசி மகக் கூட்டத்தில் பல்லக்கிற்கு 10 அடி தூரத்தில் கேமராவை உயர்த்தி நிற்பது, பின்னால் காத்திருக்கும் நூறு பேரின் தரிசனத்தை மறைப்பதாகும்.

மற்றொன்றும் உண்டு. அருகிலிருப்பதைப் பெரிதாகவும் சற்றே தள்ளியிருப்பதைச் சிறிதாகவும் காட்டுவது அகன்ற லென்ஸ் படத்தின் இயல்பு. ஓரத்தில் வருபவை இழுபட்டுத் தோன்றும். தாழ நின்று மேல்நோக்கி எடுத்தால் பாதங்கள் பெருத்து, திருமுகம் சிறுத்து, பல்லக்கே பின்புறம் சாய்வது போலாகிவிடும். பாதாதிகேசமாகச் சேவித்துப் பழகிய கண்களுக்கு அது பொருந்தாது. கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்தல் இக்குறையைப் பெரிதும் தவிர்க்கும்.

உருவம் மாறாத படத்தின் அருமையைப் புதுவையே உலகுக்குக் காட்டியிருக்கிறது. 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் காப்பகத்தில் கோயில்கள், திருமேனிகள் பற்றிய ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவாடப்பட்ட நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருப்பது அறியப்பட்டபோது, அவர் நம்மவரே என்பதை உறுதி செய்ய இந்நிறுவனத்தார் 1994-இல் எடுத்து வைத்திருந்த படங்கள் உதவின. 2014-இல் பெருமான் தாயகம் திரும்பினார். திருமேனியை உள்ளவாறே காட்டியதுதான் அப்படங்களின் பெருமை.

அகலத்தைக் காட்ட லென்ஸ் ஒன்றே வழியென்பதும் இல்லை. 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், விமானத்தின் அடியில் உள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றாக இணைத்தார். அதன் நீளம் 19 அடிக்கும் மேல். ஒரே பார்வையில் அடங்காததைப் பொறுமையாக நடந்து நடந்து எடுத்து முடித்தார் அவர்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த பெரியவர் ஒரு முடிவுக்கு வந்தார். புதிய லென்ஸ் பேரன் விருப்பப்படியே வந்தது. ஆனால் அது நீண்ட பிராகாரங்களுக்கும், பின்னே நகர இடமில்லாத மண்டபங்களுக்கும், மாட வீதியில் நெருங்கி நிற்கும் தேருக்கும் என ஒதுக்கப்பட்டது. உப்புக் காற்றும் மணலும் பறக்கும் கரையில் லென்ஸைக் கழற்றி மாற்றுவது கேமராவுக்குக் கேடு. ஆகவே வீட்டைவிட்டுப் புறப்படும்போதே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மாசி மகத்தன்று அவர் பழைய லென்ஸையே பொருத்திக்கொண்டார். கூட்டத்திற்குப் பின்னால் ஒதுங்கி நின்று, ஒவ்வொரு மூர்த்தியாக, 55 மி.மீ. அளவில் திருமுகம் தெளியும்படி ஒவ்வொரு படம் எடுத்தார். இறுதியில் கடலையும் கரையையும் சேர்த்து ஒரே ஒரு படம்.

அன்று மாலை அம்மையார் அப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டார். ஒவ்வொரு சுவாமியின் பெயரையும் சொல்லி, கைகூப்பி, பிறகே அடுத்ததைக் காட்டச் சொன்னார். மணலில் நடந்து சேவித்த நாட்களில் எந்த வரிசையில், எவ்வளவு நேரம் நின்று வணங்கினாரோ, அவ்வாறே வணங்கினார்.

எல்லாவற்றையும் ஒருசேரக் காண்பது ஒரு பேறு. ஒன்றை நின்று முழுமையாகக் காண்பது மற்றொரு பேறு. லென்ஸ் வாங்க எண்ணும் அன்பர்கள், கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன், “இந்தப் படத்தை யார் காணப் போகிறார்கள், அவர்கள் எதைக் காண ஏங்குகிறார்கள்?” என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நலம். கோயிலுக்கு வர இயலாத ஒருவருக்காக எடுக்கும் படமும் ஒரு கைங்கரியமே.