யோஷி, சுகோய், வலு திறம்

இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த 1943 இல், ஜப்பானியர் தமது பேஸ்போல் மைதானங்களிலிருந்து ஆங்கிலச் சொற்களை வெளியேற்றினார்கள். பகைவனின் மொழி ஆட்டத்துக்குள் ஒலிக்கலாகாது என்பது அக்காலத்து மனநிலை. நடுவர் 'ஸ்ட்ரைக்' என்று கூவவேண்டிய இடத்தில் 'யோஷி' என்றார். நன்று என்று பொருள்படும் சொல் அது. 'போல்' என்பதற்குப் பதிலாக 'தமே', அதாவது ஆகாது. என் பழைய தமிழாசிரியர் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திய முறையும் ஏறத்தாழ இதுதான். நன்று குறைவு, ஆகாது அதிகம்.

போர் முடிந்ததும் ஸ்ட்ரைக் திரும்பி வந்துவிட்டது. 1995 இல் ஹிதேயோ நோமோ லொஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கும், 2001 இல் இச்சிரோ சுசுக்கி சியாட்டில் அணிக்கும் ஆடப் போனார்கள். கடலுக்கு அப்பால் ஆடிய அவர்களைக் காலை வேளைகளில் தொலைக்காட்சியில் கண்ட ஜப்பானியர் 'சுகோய்' என்று வியந்தார்கள். அவர்கள் அதை உரத்துச் சொன்னார்கள். அக்கம்பக்கம் பார்த்துச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. என் சிந்தனை முத்தையா முரளிதரன் பக்கம் திரும்பியது இந்த இடத்தில்தான்.

1992 ஓகஸ்ட் 28 இல் தொடங்கிய அவுஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் முரளிதரன் அறிமுகமானார். ஆட்டம் கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள கெத்தாராம மைதானத்தில். சில ஆண்டுகளின் பின், 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நிகழ்ந்து, நகரெங்கும் சுற்றிவளைப்புகள் தொடர்ந்த காலத்தில், நான் கொட்டாஞ்சேனை விடுதியொன்றில் தங்கியிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்த இளைஞர்களால் அது நிரம்பியிருந்தது. முரளி ஒரு விக்கெட்டை வீழ்த்தினால் அடுத்த வீட்டிலிருந்து 'நியமை!' என்ற சிங்கள ஆரவாரம் மதிலைத் தாண்டி வரும். எங்கள் பக்கத்தில் 'வலு திறம்' என்று ஒருவர் சொல்வார். பக்கத்துக் கதிரைக்குக் கேட்குமளவுக்கு மட்டும்.

அதையும் எல்லோரும் சொன்னதில்லை. "எங்கட பெடியன்தான், ஆனா அவங்கட டீம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. "எங்கட ஆள் எங்க? அவர் மலைநாடு" என்று திருத்தியவர்களும் உண்டு. கண்டியில் அவருடைய தந்தையாரின் பிஸ்கட் தொழிற்சாலை 1977 கலவரத்தில் எரிந்தபோது, தீ வைத்தவர்கள் இந்தப் பாகுபாட்டைப் பார்க்கவில்லை. விடுதி முதலாளி ஐயா மட்டும், "டீமை விடு தம்பி, பந்தைப் பார்" என்பார்.

பத்திரிகை மேசையிலும் இதே தடுமாற்றம் வேறு வடிவில் இருந்தது. தலைப்பில் 'இலங்கை வீரர்' என்பதா, 'தமிழ் வீரர்' என்பதா? முன்னையது சில வாசகருக்குக் கசக்கும், பின்னையது வேறு சிலரை உறுத்தும். வெறுமனே 'முரளி' என்று போட்டுத் தப்பிக்கொள்வோம். அதற்குப் பின்னால் 'அபாரம்' அல்லது 'பிரமாதம்' வரும். பிரமாதம் என்ற சொல்லுக்கு வடமொழியில் கவனக்குறைவு, பிழை என்று பொருள். அதைச் சிகரப் புகழ்ச்சியாக்கிய பெருமை நம்மையே சாரும். சபாஷும் பேஷும் பாரசீகத்திலிருந்து வந்தவை. யாழ்ப்பாணத்தார் 'சோக்கு' என்பதும் சிங்களவர் 'ஷோக்' என்பதும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள். இரு சாராரும் மைதானத்தில் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே சொல்லால் முரளியைப் புகழ்ந்திருப்பார்கள். ஜப்பானியரைப்போல் நாங்களும் அந்நியச் சொற்களைக் களைந்திருந்தால் கைதட்டுவது மட்டுமே மிஞ்சியிருக்கும்.

1999 இல் லங்காஷயர் அணிக்காக இங்கிலாந்தில் ஆடியபோது அவருக்கு 'வெல் போல்ட்' கிடைத்தது. தமிழில், ஒரு மைதானம் நிறைந்த குரலில் அவர் பாராட்டப்பட்டதை நான் முதன்முதல் கண்டது 2008 இல், வெள்ளவத்தையில் என் வீட்டுத் தொலைக்காட்சியில். சென்னை சூப்பர் கிங்ஸ் சீருடையில் அவர் சேப்பாக்கத்தில் பந்து வீசினார். 2005 இல் சென்னையில் பெண்ணெடுத்தவர் ஆகையால் அந்நகருக்கு அவர் மருமகனும்கூட. வன்னியில் போர் உக்கிரமடைந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. தமிழில் உரத்துக் கத்துவது அங்கே எவ்வளவு இயல்பான காரியமாயிருந்தது என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆட்டத்தையல்ல. அதே சேப்பாக்கத்தில் 1947 இல் கொழும்புத் தமிழரான மகாதேவன் சதாசிவம் இலங்கை அணிக்காக 215 ஓட்டங்கள் குவித்திருக்கிறார். அன்றைக்கு எந்தச் சொல் எழுந்ததோ!

2013 மார்ச்சில் அந்தக் கதவும் மூடிற்று. இலங்கை வீரர்கள் எவரும் சென்னையில் ஐ.பி.எல். ஆடலாகாது என்று தமிழக அரசு நின்றது, ஐ.பி.எல். நிர்வாகமும் இணங்கியது. அப்போது பெங்களூர் அணியிலிருந்த முரளிக்கு, டெஸ்டில் 800 விக்கெட்டுகள் எடுத்த தமிழருக்கு, சேப்பாக்கத்தில் ஆட இடமில்லாது போயிற்று. எங்களுக்காக எழுந்த சினம் அது. அதன் நியாயத்தை நான் மறுக்கமாட்டேன். ஆனால் எங்களுக்காக என்று செய்யப்பட்டதில் எங்களவர் ஒருவரே வெளியே நின்றதை விடுதியில் முகம் திருப்பியவர்களும் விரும்பியிருப்பார்களோ என்பது சந்தேகம். அவர்களில் பலர் இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். இதை வாசித்தால் எழுதுங்கள்.

2017 இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் தொடங்கியபின் வெள்ளவத்தைப் பிள்ளைகள் தெறி, மாஸ், வேற லெவல் என்று தாராளமாகக் கத்துகிறார்கள். ஜன்னலைச் சாத்துவதில்லை. 'வலு திறம்' என்று எந்த வர்ணனையாளரும் சொல்லி நான் இன்னும் கேட்டதில்லை.