முதலில் யாரை வெளியேற்றுவது?

தொலைக்காட்சிப் போட்டிகளைப் பற்றி எழுதுவது இலக்கிய ஏட்டுக்கு அடுக்குமா என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். எம் மாணவர்கள் பாரதியைப் பரீட்சைக்காகப் படிக்கிறார்கள்; 'பிக் பாஸ்' நிகழ்ச்சியைத் தாமாகவே படிக்கிறார்கள். எது ஆழமாகப் பதிகிறது என்பதை ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இரத்தோட்டைப் பக்கத்து லயன்களில் கூரைத் தகரம் ஒழுகினாலும் அதன் மேலே ஒரு டிஷ் அன்டெனா நிற்கும். அதைக் கண்டு முகஞ்சுளிக்கும் கூட்டத்தில் நாம் சேரோம். பகலெல்லாம் மலையேறி இறங்கிய உடம்புக்கு இரவில் ஒரு மணிநேரப் பொழுதுபோக்கு உரிமையானதே. அந்த ஒரு மணிநேரத்தில் என்ன பரிமாறப்படுகிறது என்பதே எம் கவலை.

ஒரு வீடு, அதற்குள் பதினைந்து இருபது பேர், சுற்றிலும் கமராக்கள். 1999இல் ஒல்லாந்தில் தொடங்கிய இவ்விளையாட்டு, 2017இல் தமிழுக்கு வந்து சேர்ந்தது. யாரை வெளியேற்றலாம் என்று போட்டியாளர்களே முதலில் பெயர் குறிக்கிறார்கள். பின்னர் பார்வையாளர் வாக்களிக்கிறார்கள். பெயர் குறிப்பவர் காரணமும் சொல்லவேண்டும். இந்தக் காரணங்களைத்தான் நாம் பல இரவுகள் உட்கார்ந்து கேட்டோம். 'அவள் கறுப்பி', 'அவன் இன்ன சாதி' என்று எவரும் சொல்வதில்லை. 'எங்களோடு ஒட்டவில்லை', 'அதிகம் பேசுகிறாள்', 'பேசவே மாட்டேன் என்கிறான்' என்றுதான் சொல்கிறார்கள். பழைய வெறுப்பு புதுச்சட்டை போட்டுக்கொண்டு வருவதை இதைவிடத் தெளிவாகப் பார்க்க முடியாது.

சில வேளைகளில் அந்தச் சட்டையும் கழன்றுவிடும். 2007 ஜனவரியில் இங்கிலாந்தின் 'செலிபிரிட்டி பிக் பிரதர்' வீட்டில் இந்திய நடிகை ஷில்பா ஷெட்டியின் உச்சரிப்பு நையாண்டிக்கு உள்ளானது. அவருடைய பெயரோடு 'அப்பளம்' என்ற சொல் ஒட்டப்பட்டது. ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்புக்கு 40,000க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் போயின. விளம்பரம் வழங்கிய நிறுவனம் பின்வாங்கிற்று. இறுதியில் ஷில்பாவே வென்றார். நீதி கிடைத்தது என்று பலர் கைதட்டி ஓய்ந்தனர்.

கதை அத்துடன் முடியவில்லை. ஷில்பாவை இழிவுபடுத்தியோருள் முதலிடத்தில் இருந்தவர் ஜேட் கூடி. தென்லண்டன் உழைப்பாளி வர்க்கத்தின் வறுமையில் வளர்ந்தவர். 2002இல் இதே விளையாட்டின் மூலம் அறிமுகமானபோது, அவருடைய கல்வியின்மையையும் உடலையும் கேலி செய்தே பத்திரிகைகள் விற்றுப் பிழைத்தன. ஏளனத்தால் ஆளாக்கப்பட்ட ஒருத்தி தனக்குக் கீழே ஒருத்தியைத் தேடிக்கொண்டாள். அவர் செய்தது இனவாதமே. அதை நாம் மன்னிக்கவில்லை. ஆனால் கமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள் இருவரையும் விற்றார்கள் என்பதையும் மறக்கமுடியாது. 2008இல் அதே ஜேட் கூடி, ஷில்பா தொகுத்து வழங்கிய இந்திய 'பிக் பாஸ்' வீட்டுக்கு அழைத்துவரப்பட்டார். பகையும் சரக்கு, சமாதானமும் சரக்கு! அந்த வீட்டில் இருந்தபோதுதான் தமக்குப் புற்றுநோய் என்ற செய்தி அவரை எட்டியது. 2009 மார்ச்சில் அவர் மறைந்தார்.

மலைநாட்டவராகிய எமக்கு மிக நெருக்கமான கதை டார்ஜிலிங்கினுடையது. அதுவும் தேயிலை மலை. 2007 'இந்தியன் ஐடல்' பாட்டுப் போட்டியில் பிரசாந்த் தமாங் என்ற கூர்க்கா இளைஞர் வென்றார். கொல்கத்தாப் பொலீசில் கான்ஸ்டபிளாக இருந்தவர். கூர்க்காக்கள் பாடப் போய்விட்டால் காவல் காப்பது யார் என்னும் பொருள்பட டில்லி வானொலி அறிவிப்பாளர் ஒருவர் ஏளனம் செய்தார். சிலிகுரியில் கலவரம் மூண்டது. தமாங்குக்காக வாக்குத் திரட்டி மக்களிடையே செல்வாக்குப் பெற்ற பிமல் குருங், அவ்வாண்டு அக்டோபரிலேயே கூர்க்கா ஜன்முக்தி மோர்ச்சாவைத் தொடங்கினார். பாட்டுக்கு விழுந்த வாக்கு, தனி மாநிலக் கோரிக்கைக்கு விழுந்த வாக்காக மாறிற்று. கூர்க்கா என்றால் வாயிற்காவலன், தோட்டத் தமிழன் என்றால் கொழுந்துக்கூடை: வேலையையே இனத்தின் பெயராக்கும் இந்த வழக்கம் எமக்குப் புதியதா?

தமிழுக்கு வருவோம். 2017இல் தமிழ் 'பிக் பாஸ்' முதற்பருவத்திலேயே ஒரு போட்டியாளர் 'சேரி' என்ற சொல்லை வசையாக வீசினார். கண்டனம் எழுந்தது, அடங்கிற்று. 2019இல் நடந்தது இதைவிட மோசம். பேருந்தில் பெண்களைத் தீண்டுவதற்காகவே கல்லூரிக் காலத்தில் ஏறியதுண்டு என்று நடிகர் ஒருவர் ஒப்புக்கொண்டபோது, அரங்கிலிருந்தோர் கைதட்டினார்கள். பின்னர் அவர் வெளியேற்றப்பட்டார். கைதட்டியவர்களை வெளியேற்றுவது எப்படி? மாத்தளை நகருக்கு நெரிசல் பஸ்ஸில் டியூஷனுக்குப் போகும் எம் மாணவிகளும் அந்த இரவு அந்தக் கைதட்டலைக் கேட்டிருப்பார்கள். முதல் எட்டுப் பருவங்களில் வென்ற பெண்கள் இருவரே என்பதையும் இவ்விடத்தில் குறித்துக்கொள்வோம். அமெரிக்கர்கள் எள்ளி நகையாடவேண்டாம். 2008 தொடங்கி 2012 வரை ஐந்தாண்டுகள் 'அமெரிக்கன் ஐடல்' பட்டம் வெள்ளையின ஆண்களுக்கே தொடர்ந்து போயிற்று.

2023இல் ஜீ தமிழின் சிறுவர் பாட்டுப் போட்டியில் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா வென்றார். அதே மேடையில் புசல்லாவைப் பகுதியிலிருந்து சென்ற அசானியும் பாடினார். மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகளானதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்துவந்த ஆண்டும் அதுவே. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 'கள்ளத்தோணி' என்றும் 'தோட்டக்காட்டான்' என்றும் ஏசப்பட்ட ஒரு மக்களின் பிள்ளை கடல்கடந்து பாடியபோது லயன்கள் ஆனந்தப்பட்டதில் வியப்பில்லை, நாமும் ஆனந்தப்பட்டோம். எனினும் ஒன்று உறுத்திற்று. எங்கு பேசினாலும் பாட்டுக்கு முன்னால் வறுமையே பேசப்பட்டது. ஏச்சு எப்படி ஒரு முத்திரையோ, இரக்கமும் அப்படியே. பிள்ளையின் சுருதியைப் பற்றிப் பேசியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இவையெல்லாம் மனத்தில் கிடக்க, பத்தாந்தர வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தோம். கற்பனையாக ஒரு வீடு, ஆறு போட்டியாளர். ஒவ்வொருவரையும் பற்றி ஊர், ஆணா பெண்ணா, குணம் என்று ஒரு வரி. முதலில் யாரை வெளியேற்றுவீர், ஏன் என்று எழுதவேண்டும். எம் வகுப்பில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள். இருந்தும் பாதிக்கு மேற்பட்டோர் முதலில் வெளியேற்றியது தோட்டத்துப் பெண்ணையே. 'அவளுக்குக் கதைக்கத் தெரியாது' என்பது பலருடைய காரணம். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: 'அவளை அனுப்பினால் யாரும் சண்டை பிடிக்கமாட்டார்கள்; அவளும் ஏனென்று கேட்கமாட்டாள்.' எழுதியவளும் தோட்டத்துப் பிள்ளைதான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாம் வெகுநேரம் இருந்தோம்.

மறுகிழமை அதே ஆறு குணங்களை வைத்துக்கொண்டு ஊரையும் பாலையும் மட்டும் இடம்மாற்றினோம். தோட்டத்துப் பெண்ணிடம் 'கதைக்கத் தெரியாமை'யாக இருந்தது கொழும்புப் பெண்ணிடம் 'அடக்கம்' ஆயிற்று. ஆணிடம் 'துணிச்சல்' என்று எழுதப்பட்டது பெண்ணிடம் 'வாய்க்கொழுப்பு' ஆயிற்று. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து அவரவரையே வாசிக்கச் சொன்னோம். முதலில் சிரிப்பு, பிறகு ஒரு சத்தமும் இல்லை. கடைசி வாங்கிலிருந்த பையன் ஒருவன் எழுந்து, "எங்களுக்கு அந்த ஒரு வரியை எழுதித் தந்தது நீங்கள், சேர். டீவியில அதை எழுதிக் கொடுக்கிறது யார்?" என்றான்.

இருபத்துநான்கு மணிநேரத்தில் நடப்பதை ஒரு மணிநேரமாக வெட்டித் தருபவர் என்றோம். அழுததைக் காட்டி, அழவைத்ததை வெட்டினால் ஒருத்தி அழுமூஞ்சி; இரண்டையும் காட்டினால் அவள் அநியாயம் செய்யப்பட்டவள். எதைக் காட்டினால் விளம்பரம் சேருமோ அதையே காட்டுவார்கள் என்றும் சொன்னோம். அவன் முழுதாக ஒப்பவில்லை. எல்லாப் பழியையும் வெட்டுகிறவன் தலையில் போட்டுவிட முடியாது, பெயர் குறித்தது நாங்கள்தானே என்று விவாதித்தான். பாடவேளை முடிந்துவிட்டது. வகுப்பில் ஒருநாள் நடப்பதைப் பத்து வரிக்குள் வெட்டி, இருவர் இருவராகச் சேர்ந்து, ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல் எழுதிவரும்படி சொல்லியிருக்கிறோம். திங்கட்கிழமை கொண்டுவருவார்கள்.