ஈரக் கரண்டி

பழைய சோற்றுக்கும் ஊறுகாய்க்கும் உள்ள உறவைச் சொல்லவும் வேண்டுமோ! குறிஞ்சிப்பாடியில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் எழும் முன்பே எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடி திறந்துவிடும். முன்பெல்லாம் மாங்காய்தான். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கரையைக் கடந்த தானே புயல், பலாவையும் முந்திரியையும் சாய்த்ததோடு எங்கள் கொல்லை மாமரத்தையும் விட்டுவைக்கவில்லை. அதன்பின் ஆயா காய்கறிக்கு மாறிவிட்டார்கள்.

கேரட், காலிஃபிளவர், பச்சை மிளகாய் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ. நறுக்கிக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, வெள்ளை வேட்டியில் பரப்பி ஒரு பகல் முழுதும் வெயிலில் உலர்த்த வேண்டும். "தொட்டால் கை நனையக்கூடாது" என்பது ஆயாவின் சட்டம். பிறகு 100 கிராம் உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயமும் கடுகும், பெருங்காயம், பதினைந்து எலுமிச்சம்பழத்தின் சாறு. காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய் காய்க்கு மேலே ஒரு விரற்கடை நிற்க வேண்டும். ஜாடி வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்டிவிடுவார்கள்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம், பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் ஒரு கரண்டியைக் கழுவித் துடைக்காமலேயே ஜாடிக்குள் விட்டேன். பத்தாம் நாள் வேட்டை அவிழ்த்தால் மேலெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம்! அப்போது வந்திருந்த பெரியம்மா, "வீட்டுக்குத் தூரமானவள் யாரோ தொட்டிருக்கிறாள்" என்று அக்காவைப் பார்த்தார்கள். அக்கா அழுதாள். நான் வாய் திறக்கவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊறுகாயைக் கெடுப்பது ஈரமும் கிருமியும்தான் என்று நான் அறிவியல் பாடத்தில் படித்திருந்தேன். அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்! காற்றில்லாத இடத்திலேயே வளர்ந்து நஞ்சை உண்டாக்கும் கிருமியும் உண்டாம். எண்ணெய் மூடினால் மட்டும் அது சாகாது. பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால்தான் அது வளராது. ஆயாவின் எலுமிச்சைச் சாறு வெறும் ருசிக்காக மட்டுமல்ல என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான்காம் நாள் ஆயாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. "என்கிட்ட ஏன் சொல்ற? அவகிட்ட போய்ச் சொல்லு" என்றார்கள். அக்காவிடம் சொன்னேன். "நான் தொட்டதால் கெடவில்லை என்று உனக்குத் தெரியும். அப்புறம் ஏன் பேசாமல் நின்றாய்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

ஆவணி வெயிலில் மீண்டும் போட்டோம். இம்முறை கண்ணாடிப் பாட்டில்களைத் தண்ணீரில் மூழ்கவைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டது அக்காவின் யோசனை. உணவைப் பாட்டிலில் அடைத்துச் சூடாக்கிக் காக்கும் முறையைப் பிரான்சு நாட்டு நிக்கோலா அப்பேர் 1810-இலேயே நூலாக எழுதிவிட்டார். அது ஏன் கெடுவதில்லை என்பது பாஸ்டருக்குப் பிறகே உலகுக்கு விளங்கியது. காரணம் அறியாமலே கைப்பக்குவம் கற்றதில் அவரும் எங்கள் ஆயாவும் ஒரே வகுப்புதான்!

மசாலாவைக் கலக்கும் வேளையில் அக்கா, "எனக்கு இன்று இரண்டாம் நாள்" என்று சொல்லிவிட்டே கையைப் பாத்திரத்தில் விட்டாள். ஆயா ஒரு கணம் அவளைப் பார்த்தார்கள். "கையில ஈரமில்லையே?" என்று மட்டும் கேட்டார்கள்.

பொங்கலுக்குப் பெரியம்மா வந்தபோது ஊறுகாய் நன்றாக இருக்கிறதென்று இரண்டு பாட்டில் கேட்டார்கள். அக்காதான் எடுத்துக் கொடுத்தாள்.