கலைமான் முழங்கும் காலமும் கணக்கு முடிக்கும் காலமும்

மாதச் சம்பளத்திற்கு உழைக்கும் ஒருவருக்குக் கிடைத்தற்கரிய பொருள் எது என்று எம்மைக் கேட்பின், பொன்னும் அன்று, நிலமும் அன்று, தொடர்ச்சியான சில நாட்களே என்று தயங்காது கூறுவோம். பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். முட்டுப்பட்டாற் கடனும் பெறலாம். நாட்களை அவ்வாறு சேர்த்துவைத்தல் எளிதன்று. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் எம்போன்றோருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும் வழங்குகின்றது. அந்த ஏழு நாளும் காய்ச்சலுக்கும் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போய்விடும். எஞ்சிய பதினான்கைக் கையில் வைத்துக்கொண்டு, கடல் கடந்த நாடொன்றில் மலையேறி மான் வேட்டையாடவும் ஆற்றில் நின்று தூண்டில் போடவும் எண்ணுகின்றோம் என்றால், கேட்பவர் நகைப்பது இயல்பே.

முற்காலத்து வேட்டைக்காரருக்கு இத்தொல்லை இருக்கவில்லை. ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவிற் குடியேறி, மலைக்காடுகளில் மரைகளை நாய்கொண்டு துரத்தி வேட்டையாடி, பின்னர் அதைப் பற்றி நூல்களும் எழுதினார். அவர் லீவு விண்ணப்பம் எழுதியவர் அல்லர். எமது நிலையோ வேறு. நாம் கொழும்பிலே தனியார் கம்பனி ஒன்றின் கணக்குப் பகுதியிற் கடமை புரிகின்றோம். வயதும் ஐம்பதைக் கடந்துவிட்டது.

எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்த தோழர் ஒருவர் நெடுங்காலமாக நியூசிலாந்தின் வட தீவிலே, மனவாத்து என்னும் பிரதேசத்தில் வாழ்கின்றார். கிழமை நாட்களில் அவரும் எம்மைப்போல் ஓர் உத்தியோகத்தரே. சனி ஞாயிறு வந்தால் துவக்கும் தூண்டிலுமாக மலைக்குப் போய்விடுவார். "மச்சான், கண் தெரியேக்கையே, கால் நடக்கேக்கையே ஒருக்கா வந்திட்டுப் போ" என்பது பல ஆண்டுகளாக அவர் விடுக்கும் அழைப்பு.

வேட்டை என்றதும் வாசகருட் சிலர் முகஞ்சுளிப்பர். அஃது நியாயமே. எம் நாட்டிலே வனவிலங்குகளை 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் காக்கின்றது, காக்கவும் வேண்டும். நியூசிலாந்தின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அந்நாட்டின் தரையிலே வௌவாலைத் தவிர வேறு பாலூட்டி விலங்கு எதுவும் இயற்கையாக இருந்ததில்லை. பறவைகளே அங்கு குடிமக்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கு குடியேறிய ஆங்கிலேயர் தம் நாட்டுச் செம்மான்களைக் கப்பலிற் கொண்டுவந்து காட்டில் விட்டனர். புலியும் சிறுத்தையும் இல்லாத காட்டில் மான்கள் கணக்கின்றிப் பெருகின. இளங்கன்றுகளைத் தின்று காட்டின் அடித்தளத்தையே மொட்டையாக்கின. 1930களில் அரசாங்கமே சம்பளங் கொடுத்து மான் கொல்ல ஆட்களை நியமிக்க நேர்ந்தது. அவ்வாறு வேலை பார்த்த பரி கிரம்ப் என்பவர் 1960இல் எழுதிய நூல் அந்நாட்டில் வீட்டுக்கு வீடு புகழ்பெற்றது. நாம் லீவு எடுத்துச் செய்ய விரும்புவதை அவர் கூலிக்குச் செய்தார்! இன்றும் பொதுக் காடுகளில் மான் வேட்டைக்குரிய அனுமதி இலவசமாகவே கொடுக்கப்படுகின்றது.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டு போகையில் எம்மை நிமிர்ந்திருக்கச் செய்த செய்தி ஒன்று உண்டு. தோழர் வாழும் அந்த மனவாத்துப் பிரதேசத்திலே மரைகளும் இருக்கின்றன. அவை வேறெங்கிருந்தும் வந்தவையல்ல. 1875இல் இலங்கையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். ஹோட்டன் சமவெளிப் பனியிலே நாம் கண்ட அதே மரை, ஒன்றரை நூற்றாண்டாக அங்கு புல் மேய்ந்துகொண்டிருக்கின்றது. செம்மானைத் தேடிப் போவோம். மரையை விடியற்காலையிற் பார்த்துவிட்டு மட்டும் வருவோம் என்று அன்றே தீர்மானித்தோம்.

தீர்மானம் எளிது, நாள் குறிப்பதுதான் கடினம். செம்மான்களுட் கலைமான் மார்ச் மாதக் கடைசியிலும் ஏப்பிரல் மாதத்திலும் பிணையைத் தேடி முழங்கும். மற்றைக் காலங்களில் ஓசையின்றி ஒளிந்து திரியும் விலங்கு, அந்தச் சில வாரங்களில் மட்டும் தான் நிற்குமிடத்தைத் தானே அறிவிக்கின்றது. ட்ரவுட் மீனுக்கோ பல ஆறுகளில் ஒக்டோபர் 1 முதல் ஏப்பிரல் 30 வரையே பருவம். ஆகவே வேட்டையும் மீன்பிடியும் ஒருங்கே அமையவேண்டுமாயின் ஏப்பிரலே தக்க மாதம். ஆனால் எம் கம்பனியின் கணக்காண்டு மார்ச் 31இல் முடிகின்றது. கலைமான் மலையில் முழங்கத் தொடங்கும் அதே வாரத்திற் கணக்குப் பகுதியில் மேலதிகாரி முழங்கத் தொடங்குவார். அந்த முழக்கத்தை விட்டு ஓடுதல் முறையன்று. சரக்கு எண்ணி, ஏடுகளைப் பூட்டி, ஏப்பிரல் முதல் வாரம் கழிந்த பின்னரே புறப்படலாம். அவ்வாறு புறப்பட்டால் சித்திரைப் புத்தாண்டு நடுவில் வந்து நிற்கும்.

புத்தாண்டு விடுமுறைகளும் போயா நாளும், சில ஆண்டுகளிற் பெரிய வெள்ளியும், இடையிடையே வரும் சனி ஞாயிறுகளும் சேர்ந்தால், பதினான்கு நாள் லீவு ஏறக்குறைய 25 நாட்களாக நீளும். கணக்குப் பார்க்கும் கண்ணுக்கு இது பெரும் இலாபம். ஆயினும் அந்த விடுமுறைகள் எதற்காக விடப்பட்டவை? தாயும் பிள்ளைகளும் ஓரிடத்திற் கூடுவதற்காக அன்றோ? இக்கேள்வியைச் சிறிது நேரம் தள்ளிவைத்து, மற்றை ஆயத்தங்களைக் கூறுவோம்.

இத்திட்டம் 2019இல் தொடங்கியது. 2020 மார்ச்சிற் பெருந்தொற்றின் பொருட்டு நியூசிலாந்து தன் எல்லையை மூடிற்று. அது திறந்த 2022இல் எம் ரூபாய் விழுந்து, சேர்த்த காசு பாதி வழிக்கும் போதாமற் போயிற்று. உண்டியலை மீண்டும் நிரப்ப ஆண்டுகள் சென்றன. அக்காலத்தை வீணாக்காது, காலையிற் காலிமுகத்திடலில் முதுகிலே அரிசிப் பையைச் சுமந்து நடந்து பழகினோம். காட்டிற் சுட்ட இறைச்சியை முதுகிலேதான் இறக்கவேண்டும். கால் ஒத்துழையாதவன் துவக்கைத் தொடலாகாது என்பது தோழரின் கட்டளை.

தோழரும் நாமும் கலந்து பேசுவதும் ஒரு கலையாயிற்று. அங்கு குளிர்காலத்தில், எமக்கு விடியற்காலை ஐந்தரை மணியாகும்போது அவருக்கு நண்பகல். அவருடைய மதிய உணவு நேரமும் எம்முடைய முதற் தேநீர் நேரமும் சந்திக்கும் அந்த அரைமணியிலேதான் முழுத் திட்டமும் உருவாயிற்று. கந்தோர் நேரத்தில் ஒரு நிமிடமும் அதற்காக எடுக்கவில்லை என்பதைச் சிறிது பெருமையுடனேயே கூறுகின்றோம்.

அனுமதிகளின் வரிசை நீளமானது. முதலில் விசா. அடுத்து, துவக்கு. அந்நாட்டு அனுமதிப்பத்திரம் இல்லாதவர், அனுமதிபெற்ற ஒருவரின் நேரடி மேற்பார்வையிலே மாத்திரம் துவக்கைக் கையாளலாம். ஆகவே நாம் துவக்கு எதுவும் கொண்டுசெல்லவில்லை. தோழரின் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்போம். முழங்கும் காலத்தில் வேட்டைக்காரரும் கலைமானைப்போல் ஒலியெழுப்பி அதனை அழைப்பர். ஆதலால் ஒருவரை மற்றவர் மானென்று எண்ணிச் சுட்ட துயரங்களும் நிகழ்ந்துள்ளன. எதிரே நிற்பது இன்னதென்று ஐயமறத் தெரியாமற் சுடலாகாது என்பதே அங்கு கற்பிக்கப்படும் தலையாய விதி. பூச்சி புழுவன்றி எலியையும் போசத்தையும் ஒழிக்க அந்நாட்டார் காடுகளில் நஞ்சு இடுவதுண்டு. எந்தக் காட்டில் எப்போது இட்டனர் என்ற அறிவித்தலைப் பார்த்த பின்னரே இறைச்சியைத் தொடவேண்டும். கைத்தொலைபேசி எட்டாத மலைகளாதலால், ஆபத்திற் சமிக்ஞை அனுப்பும் கருவி ஒன்றும் உடன் செல்லும்.

மீனுக்குரிய ஒழுங்குகள் இன்னும் நுட்பமானவை. தவுப்போ ஏரிக்கும் அதனுள் விழும் தொங்கரீரோ முதலிய ஆறுகளுக்கும் தனி அனுமதிப்பத்திரம். மற்றை ஆறுகளுக்கு வேறொன்று. இந்த ட்ரவுட்டும் வந்தேறியே. 1864இல் இங்கிலாந்திலிருந்து பாசியிலும் பனிக்கட்டியிலும் பொதிந்து கப்பலேற்றிய முட்டைகள் தஸ்மேனியாவிற் பொரித்தன. அங்கிருந்து 1867இல் நியூசிலாந்துக்கு வந்தன. அந்நாட்டிலே ட்ரவுட்டை விற்பதும் வாங்குவதும் சட்டவிரோதம். எவ்வளவு பணம் படைத்தவராயினும், தாமே பிடிக்கவேண்டும். அன்றேல் பிடித்தவர் அன்பாகத் தரவேண்டும். இச்சட்டம் எமக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. ஆற்றில் இறங்கும் சப்பாத்தின் அடியிற் கம்பளி ஒட்டியிருக்கலாகாது. 2004இல் அங்கு காணப்பட்ட பாசி ஒன்று அதன்மூலம் ஆற்றுக்கு ஆறு பரவும் என்று 2008 முதல் தடை. தூண்டிற் கருவிகளைக் கழுவி, உலர்த்தி, விமானத்துறையில் அறிவிக்கவும் வேண்டும்.

25 நாட்களில் நான்கு போக்குவரத்திற் கழியும். எஞ்சியவற்றில் மூன்றிலொரு பங்கை வெறுமையாகவே விட்டிருக்கின்றோம். மழை பெய்தால் மலையாறுகள் சடுதியிற் பெருகும். அவசரக்காரரை ஆறு மன்னிப்பதில்லை. கையில் நாள் குறைந்தவனே துணிந்து இறங்குவான் என்பதால், குறைந்த நாட்களிலும் மழைக்கென்று ஒரு பங்கு வைத்தோம்.

கந்தோரிலே எம் வேலையைப் பார்க்க இசைந்தவர் ஒரு முஸ்லிம் நண்பர். அவருடைய பெருநாட்களில் நாமும், எம்முடைய பண்டிகைகளில் அவரும் மாறி மாறி மேசையைக் காத்துவருகின்றோம். இம்முறை கடன் எம்பக்கமே அதிகம். அதனை அடுத்த ஆண்டில் அவர் மக்காவுக்குப் புறப்படும்போது தீர்ப்பதென்று ஒப்பந்தம்.

இனி, தள்ளிவைத்த கேள்விக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலே எம் அன்னையார் எண்பத்திரண்டு வயதில் இருக்கின்றார். ஆண்டுதோறும் புத்தாண்டன்று எம் தலையில் மருத்துநீர் வைப்பவர் அவரே. அவர் கையாற் கைவிசேடம் வாங்காத வருடம் எமக்கு இருந்ததில்லை. அன்றியும் அவர் மச்சம் தொடாதவர். மகன் உயிர் கொல்லப் பிறநாடு போகின்றான், அதுவும் வருடப் பிறப்பில் என்பதை எவ்வாறு சொல்வது? மனைவியார், "நீங்களே போய்ச் சொல்லுங்கோ; நான் நடுவிலை நிக்கமாட்டன்" என்று ஒதுங்கிக்கொண்டார். வேட்டையை விட்டு, மீன் மட்டும் போதுமென்று ஓகஸ்ட் மாதத்திற்கு மாற்றினாலென்ன என்றும் எண்ணினோம். வானவில் ட்ரவுட் தவுப்போவிலிருந்து ஆற்றிலே மேலேறுவது அக்குளிர்காலத்திற்றான். அவ்வாறே மாற்றவும் ஆயத்தமாகிப் போய் அவர்முன் உட்கார்ந்தோம்.

அன்னையார் முழுவதையும் கேட்டார். மரைகளின் கதையை இருமுறை சொல்லச் சொன்னார். பின்னர், "தம்பி, வருசம் வருசாவருசம் வரும். உன்ர கால் வருசாவருசம் இப்பிடியே இருக்குமோ?" என்றார். அவருடைய முழங்கால் மடக்கமுடியாது நீட்டியிருந்ததை அப்பொழுது கண்டோம். மருத்துநீர் என்றார்; அதனைக் காய்ச்சி வைத்து, நாம் திரும்பியபின் நாள் பார்த்து வைப்பாராம். நிபந்தனை இரண்டு மாத்திரம். தின்னாத ஒன்றைக் கொல்லலாகாது. முதலிற் பிடிபடும் மீனை ஆற்றிலே திரும்ப விட்டுவிடவேண்டும்.

இரண்டாவது நிபந்தனை எங்கிருந்து வந்ததென்பது பெரியபுராணம் அறிந்த வீட்டாருக்கு விளங்கும். நாகப்பட்டினத்துப் பரதவரான அதிபத்த நாயனார் நாள்தோறும் வலையில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். ஒரே மீன் அகப்பட்ட நாட்களில் அதனையும் விட்டுப் பசித்திருந்தவர். அவரைக் கொண்டு அன்னையார் எம்மை ஆற்றுக்கு வழியனுப்பிவைத்தார். இதனைத் தோழரிடம் கூறியபோது, தாமும் அன்றைய முதல் மீனை விட்டுவிடுவதாகச் சொன்னார்.

தொழில் பார்த்துக்கொண்டே நீண்ட பயணம் போக விரும்புவோருக்கும், நாளை உத்தியோகத்திற்குச் செல்லவிருக்கும் மாணவருக்கும் நாம் அறிந்துகொண்ட ஒன்றைச் சொல்லலாம். லீவு எத்தனை நாள் என்பதை முதலில் எழுதாதீர்கள். அந்நாட்களில் உங்கள் மேசையில் யார் இருப்பார், உங்கள் வீட்டுப் படலையை யார் பூட்டுவார், உங்கள் தாயாருடன் யார் இருப்பார் என்பதை முதலில் எழுதுங்கள். அப்பெயர்கள் நிரம்பியபின் நாட்கள் தாமே அமையும். நிரம்பாவிடின் பயணம் இன்னும் பழுக்கவில்லை என்று பொருள்.

எம்முடைய கொப்பியின் முதற் பக்கத்தில் இப்பொழுது ஐந்து பெயர்கள் உள்ளன. லீவு விண்ணப்பத்தில் மேலதிகாரி கையொப்பமிட்டுவிட்டார். புத்தாண்டுக்கு மனைவியாரும் பிள்ளைகளும் யாழ்ப்பாணம் போகின்றனர். கைவிசேடத்தில் எம் பங்கை மூத்த மகள் வாங்கி வைத்திருப்பாள். புதிய சப்பாத்து வாசலில் இருக்கின்றது. அதன் அடியிற் கம்பளி இல்லை.